பாட்டு நிஜமாகக் கேட்கவில்லையா? குறையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

வீட்டில் பாட்டு கேட்கிறவர்களுக்கு ஊர் உலகம் சொல்லும் ஒரே வைத்தியம், "இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்குங்கள்" என்பது. சொல்கிறவருக்குச் செலவில்லை அல்லவா? பெரிய ஸ்பீக்கரால் தீரும் குறைகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை இரண்டு அல்லது மூன்றுதான். மற்றவற்றுக்கெல்லாம் காரணம் வால்யூம் எங்கே நிற்கிறது, பெட்டி எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதில் அடங்கிவிடும். உங்கள் குறைக்குரிய பகுதிக்கு நேராகவே போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதையும் நகர்த்துவதற்கு முன்

ஒயர்களைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு முனையிலிருந்து கிளம்பும் ஒயர் ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கே போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். இரண்டு பெட்டிகளின் பேஸும், அதாவது தாழ்ந்த ஒலியும், ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் மிதக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு பெட்டிகளையும் நேருக்கு நேர் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, ஒரே ஆள் பேசும் மோனோ பதிவை (இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒலி போகும் பதிவை) போடுங்கள். பிறகு ஒரு பெட்டியின் ஒயர்களை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எந்த இணைப்பில் குரல் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

அடுத்து, சரவுண்ட், முப்பரிமாணம், பேஸ் பூஸ்ட் என்று பெயர் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் நேர்கோட்டில் நிற்கட்டும்.

கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 'ஏ', 'சி' என்று இரண்டு அளவுமுறைகள் இருக்கும். பாட்டை அளப்பதற்கு 'சி'யை வையுங்கள். 'ஏ' முறை 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) ஒலியை 30 டெசிபெல் (உரப்பின் அளவு) குறைத்துக் காட்டும், அதாவது பேஸ் இருப்பதையே கண்டுகொள்ளாது. கைபேசி மைக் சில டெசிபெல் தவறலாம். இரண்டு நிலைகளை ஒப்பிடத்தான் போகிறோம் என்பதால் அது பாதகமில்லை.

கடைசியாக, எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது? நேரில், மைக் இல்லாமல் நீங்கள் கேட்டிருக்கும் ஒலி எதுவோ அது: ஒரு வயலின், வீணை, மிருதங்கம், பியானோ, அல்லது ஒரு ஆளின் பேச்சு. அடுக்கடுக்காகக் கணினியில் கோத்த பாட்டுக்கு 'நிஜம்' என்று ஒன்று கிடையாது. அரங்கில் மைக் வைத்துக் கேட்ட கச்சேரியில்கூட நீங்கள் கேட்டது இன்னொரு ஸ்பீக்கரைத்தான்.

"மெதுவாக வைத்தால் பாட்டில் உயிரே இல்லை"

ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். நம் காது அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். பின்னர் திருத்தப்பட்டு, இன்று ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலையாக அது இருக்கிறது. அதிலிருந்து ஒரு கணக்கை மட்டும் பார்ப்போம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 80 டெசிபெலில் ஒலிக்கும்போது, அதே உரப்பாகத் தோன்ற 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 102 டெசிபெல் வேண்டும். 1000 ஹெர்ட்ஸை 40 டெசிபெலுக்கு இறக்கினால், 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 78 வேண்டும். அதாவது மேல் ஒலி 40 டெசிபெல் இறங்கும்போது கீழ் ஒலி 24 மட்டுமே இறங்கினால்தான் சமநிலை கெடாமல் நிற்கும். வால்யூம் குமிழுக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டையும் 40 இறக்கிவிடுகிறது. மிச்சம் 16 டெசிபெல் பேஸ் உங்கள் காதுக்குப் பற்றாக்குறை.

எனவே மெதுவாகக் கேட்கும் வேளையில் பேஸைக் கூட்டுவது ஏமாற்று வேலை அல்ல. பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது வைக்கப்பட்டதே இதற்காகத்தான். வால்யூமைக் கூட்டியதும் அதை அணைத்துவிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபர் இருந்தால் இரவுக்கு ஓர் அளவு, பகலுக்கு ஓர் அளவு என்று குமிழின் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் அறையின் இரைச்சல். மின்விசிறியும் ஏசியும் ஓடும் அறையில் 45 டெசிபெல் இரைச்சல் சாதாரணம். வீணைத் தந்தியை மீட்டியபின் அந்த நாதம் தேய்ந்து மறையும் பகுதியில்தான் 'நிஜம்' இருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் விசிறிக்கு அடியில் புதைந்துவிடும். விசிறியை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, வால்யூமைத் தொடாமல் கேட்டுப் பாருங்கள்.

சத்தம் வெளியே போகக் கூடாது என்றால் நாற்காலியை முன்னால் இழுங்கள். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால், நேராக வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். பக்கத்து வீட்டுக்கு ஒரு டெசிபெலும் கூடாது.

"கூட்டினால் காதைக் கிழிக்கிறது"

முறையீடுகளில் முதலிடம் இதற்குத்தான். நான்கு காரணங்கள் இருக்கலாம்: பதிவு, ஆம்ப்ளிஃபையர், வூஃபர் (ஸ்பீக்கரில் பேஸைத் தரும் பெரிய கூம்பு), அறை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவோம்.

பதிவைச் சோதிப்பது எளிது. வேறு தட்டு, வேறு காலத்துப் பதிவு, தனிக் குரல் என்று மாற்றிப் போடுங்கள். சில பதிவுகளைத் தயாரிக்கும்போதே உரப்பு வேண்டும் என்பதற்காக நசுக்கி வைத்திருப்பார்கள். எந்த ஸ்பீக்கரிலும் அவை கத்தத்தான் செய்யும். வேறு பதிவில் குறை போய்விட்டால் இந்தப் பகுதியை இத்துடன் விட்டுவிடலாம்.

அடுத்து அறை. வால்யூமைத் தொடாமல் எழுந்து ஒரு ஸ்பீக்கரை நோக்கி நடங்கள். ஒரு மீட்டருக்குள் வந்ததும், ஒலி கூடினாலும் குத்தல் குறைந்து தெளிவு வந்தால், குற்றவாளி அறைதான். வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல், வழுவழுப்பான தரை எல்லாம் சேர்ந்து மேல் ஒலியை உங்கள் மீது திருப்பி எறிகின்றன. நடு அறையில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். 'டர்ர்' என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் பந்தாடுகின்றன என்று பொருள். தரையில் கனத்த விரிப்பு, பக்கச் சுவரில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தில் புத்தக அலமாரி அல்லது தடித்த துணி. இவ்வளவே பெரிய மாற்றம் தரும். பட்டுத் திரும்பும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவரைச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து ஸ்பீக்கர் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ, அதுதான் இடம்.

கிட்டே போயும் குத்தல் அப்படியே இருந்தால் ஆம்ப்ளிஃபையர் அல்லது வூஃபர். இப்போது பேஸ் குமிழை முழுக்க இறக்குங்கள். குரல் சட்டென்று தெளிந்தால், இரண்டில் ஒன்று தன் எல்லையைத் தொட்டிருக்கிறது என்பது உறுதி.

ஆம்ப்ளிஃபையரின் எல்லையைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் 'உணர்திறன் 86 டெசிபெல்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபெல் என்று அர்த்தம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தூரத்தில் 9 டெசிபெலுக்கு மேல் போய்விடும். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதும் அறை திருப்பித் தருவதும் சேர்ந்து அதில் பாதியையாவது மீட்கும். ஆக, ஒரு வாட்டுக்கு நாற்காலியில் சுமார் 80 டெசிபெல். அது நல்ல உரப்புதான். 'ஒரு வாட் போதுமா?' என்று கேட்கத் தோன்றும். சராசரிக்குப் போதும். ஆனால் மிருதங்கத்தின் ஓர் அடி சராசரிக்கு மேலே 20 டெசிபெல் எகிறும். ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் பத்து மடங்கு சக்தி என்பதால், அந்தக் கண நேரத்துக்கு 100 வாட் வேண்டும். நீங்கள் வால்யூமை இன்னும் 5 டெசிபெல் கூட்டினால் சராசரி மூன்று வாட், அடிக்கு முந்நூறு. ஆம்ப்ளிஃபையரிடம் 40 வாட்தான் இருக்கிறதென்றால், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. நம் காதில் கரகரப்பாக விழுவது அந்த வெட்டுத்தான். மேல் ஒலியைத் தரும் சின்னக் கூம்புகளான ட்வீட்டர்கள் கருகிப்போவதும் பெரும்பாலும் இப்படித்தான்: சின்ன ஆம்ப்ளிஃபையரை வாட்டி வதைப்பதால்.

வூஃபரின் எல்லை வேறு விதமாகத் தெரியும். முன்வலையைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கூம்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் ஓடினால் அது தன் வலுவுக்கு மீறி உழைக்கிறது. ஒவ்வொரு பேஸ் அடிக்கும் பாடகரின் குரல் லேசாக நடுங்கினால் சந்தேகமே வேண்டாம். ஒரே கூம்பு பேஸையும் குரலையும் சேர்த்துச் சுமக்கிறது. பேஸ் அதை உலுக்கும்போது குரலும் சேர்ந்து உலுங்குகிறது. பெட்டியின் உயரத்துக்கு இங்கே பொருளில்லை, வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்கும் பொருளில்லை. கூம்பின் பரப்பும் அது ஓடும் தூரமும்தான் கணக்கு.

ஐந்து அங்குல வூஃபரின் கூம்புப் பரப்பு சுமார் 90 சதுர செ.மீ. பத்து அங்குலத்துக்கு அது 340க்குப் பக்கத்தில், ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரே அதிர்வெண்ணில் ஒரே உரப்பைத் தர, பெரியது ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் சின்னது நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும். அதோடு விடவில்லை இயற்பியல். அதிர்வெண் பாதியானால், அதே உரப்புக்கு அசைவு நான்கு மடங்காக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் போதுமென்றால், 40இல் நான்கு, 20இல் பதினாறு. சின்ன ஸ்பீக்கர் பேஸில் மூச்சுத் திணறுவதன் முழுக் கதையும் இந்த இரண்டு கணக்குகளுக்குள் இருக்கிறது.

தீர்வு: வால்யூமை 3 டெசிபெல் குறைத்தால் ஆம்ப்ளிஃபையருக்கு வேலை பாதியாகிவிடும், உங்களுக்கோ வித்தியாசம் கொஞ்சம்தான். போதவில்லையென்றால் சப்வூஃபர் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் வெட்டுங்கள். சப்வூஃபரை வாங்கிவிட்டு, சின்ன ஸ்பீக்கருக்கும் முழு ஒலியை அனுப்பிக்கொண்டே இருந்தால் வாங்கிய பலனில் பாதி வீண்.

"பேஸே இல்லை"

பேஸ் தொடர்ந்து வரும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அறை முழுக்க நடங்கள். மூலைக்குப் போய்ச் சுவரை ஒட்டிக் குனிந்து கேளுங்கள். மூலையில் பேஸ் கொட்டிக் கிடந்து, இருக்கையில் மட்டும் இல்லையென்றால் ஸ்பீக்கர் தன் வேலையைச் செய்கிறது; நீங்கள் குழியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அறையின் நீளத்தை மீட்டரில் அளந்து, 343ஐ அதன் இரண்டு மடங்கால் வகுங்கள். நாலரை மீட்டர் அறைக்கு 38 ஹெர்ட்ஸ் வரும். அந்த ஒலி இரண்டு சுவர்களுக்கிடையே நிலையலையாக நிற்கிறது: சுவர்களில் உச்சம், நட்டநடுவில் வெறுமை. அறையின் சரிபாதியில் நாற்காலி போட்டிருந்தால் 38 ஹெர்ட்ஸ் உங்களுக்கு இல்லை. எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் அந்த இடத்துக்கு அது வராது. ஈக்வலைசரில் கூட்டினாலும் வராது, வூஃபர்தான் அவதிப்படும். நாற்காலியை அரை மீட்டர் முன்னேயோ பின்னேயோ நகர்த்துங்கள். இதற்குக் காசு செலவில்லை என்பதால்தானோ என்னவோ, யாரும் இதை முதலில் செய்வதில்லை.

இன்னொரு குழி ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரால் வருவது. பேஸ் பெட்டியின் முன்னால் மட்டும் போவதில்லை, சுற்றிப் பின்னாலும் போகும். சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை, நேராக வரும் அலைக்கு எதிராக வந்து சேரும் அதிர்வெண் ஒன்று உண்டு. 343ஐச் சுவர்த் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். கூம்பு சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 86 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிக்கனம் நிற்கும் இடம் அது. பெட்டியைச் சுவரை நெருங்கி நகர்த்தினால் குழி மேலே ஏறும், அங்கே அவ்வளவு உறுத்தாது. சிறிய, ஒடுங்கிய பெட்டிகளுக்குச் சுவரின் துணை கூடுதலாகவே தேவை. முகப்பு ஒடுங்கியிருப்பதால் கீழ் ஒலி பெட்டியைச் சுற்றிச் சிதறுகிறது, குரல் மெலிந்து கேட்கிறது. 'ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எட்ட இழுத்து வை' என்ற பொது விதி பெரிய பெட்டிக்காரர்கள் ஏற்படுத்தியது.

மூலையிலும் பேஸ் இல்லையா? அப்படியானால் ஸ்பீக்கரின் எல்லைதான். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி: உங்களுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி வழக்கமான மேற்கத்திய சுருதியில் 196 ஹெர்ட்ஸ். ஆண் குரல்கள் 80க்குக் கீழே அதிகம் போவதில்லை. டபுள் பேஸின் அடித்தந்தி 41. பியானோவின் கடைசிக் கட்டை 27.5. குரலும் வயலினும் மட்டுமே கேட்கிறவர் ஆளுயர ஸ்பீக்கருக்கு ஆசைப்படுவது அநாவசியம். மேலும் மூளை ஒரு உபகாரம் செய்கிறது: 41 ஹெர்ட்ஸே வராவிட்டாலும், அதன் மடங்குகளான 82, 123 வந்தால் அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். கைபேசியின் துளி ஸ்பீக்கரிலும் பேஸ் கிட்டாரின் மெட்டை நாம் பின்தொடர முடிவது இதனால்தான். மெட்டு வரும், நெஞ்சில் தட்டும் கனம் வராது.

அந்தக் கனம் வேண்டுமென்றால் ஹாஃப்மன் விதியை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய ஒலி: இந்த மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். உள்ளங்கை அளவில் பெட்டி, அதில் இடி முழக்கம் என்று விளம்பரம் சொன்னால், மூன்றாவதை எங்கே பலி கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் உரப்பில்தான்: மெதுவாக இருக்கும்வரை ஆழம் இருக்கும்; வால்யூமைக் கூட்டக் கூட்ட உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று பேஸை ஓசைப்படாமல் இறக்கிவிடும்.

"பேஸ் இருக்கிறது, ஆனால் ஒரே 'கும்'"

மேலே சொன்ன நிலையலையின் மறுபக்கம் இது. நீங்கள் உச்சத்தில், அதாவது பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், அல்லது ஸ்பீக்கர் மூலையில் நிற்கிறது. எந்தச் சுரம் வாசித்தாலும் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் முந்திக்கொண்டு ஓடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து விலக்குங்கள், நாற்காலியைச் சுவரிலிருந்து இழுங்கள். பெட்டியில் காற்றுத்துளை இருந்தால் அதில் ஒரு கடற்பஞ்சைச் செருகிப் பாருங்கள். ஆழம் கொஞ்சம் போகும், கட்டுப்பாடு வரும். மிச்சத்தை ஈக்வலைசரில் குறைக்கலாம்: குழியை நிரப்பத்தான் முடியாது, மேட்டைச் செதுக்க முடியும்.

திரைச்சீலை, முட்டைத் தட்டு எல்லாம் இங்கே உதவாது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அதன் கால்பங்கே இரண்டு மீட்டருக்கு மேல். அதை ஒரு துணி தடுக்காது.

சப்வூஃபர் இருப்பவர்கள் அதை நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டு, தரையில் தவழ்ந்துபோய் எந்த இடத்தில் பேஸ் சுரம் சுரமாகப் பிரிந்து கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். பார்க்கக் கேலியாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

"பாடுகிறவரின் வாய் கதவு அகலத்துக்கு இருக்கிறது"

வால்யூமைக் குறையுங்கள். பத்தில் ஏழு பேருக்காவது இதிலேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். உரக்க வைத்தால்தான் நிஜம் என்ற நம்பிக்கை நம்மில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஒரு ஆள் ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபெல்தான். வீணை இன்னும் சாதுவான வாத்தியம். மைக் இல்லாமல் எதிரே உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். அதே வீணையை 85 டெசிபெலில் போட்டால், தந்தியின் நீளம் சுவருக்குச் சுவர் போவதாகத்தான் தோன்றும். விரல் தந்தியில் உரசும் ஓசை மரம் அறுப்பதுபோல் கேட்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் பொருத்தமான வால்யூம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் விதம் இது. தனிக் குரல் பதிவைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். முதலில் குரல் எங்கோ சுவருக்கு அப்பால் இருக்கும், பொம்மை அளவில். கூட்டக் கூட்ட அருகே வரும். ஓர் இடத்தில் பாடுகிறவருக்கு ஒரு தூரமும் ஒரு தலையளவும் அமையும், அங்கே நிறுத்துங்கள். இன்னும் 3 டெசிபெல் கூட்டிப் பாருங்கள்: அவர் எழுந்து உங்கள் மேல் சாய்வதுபோல் இருக்கும். அடுத்த பாட்டுக்கு இதே அளவு பொருந்தாது. மறுபடி தேட வேண்டியதுதான்.

குறைத்தும் வாய் அகலமாகவே இருந்தால் ஸ்பீக்கர்களுக்கிடையே தூரம் அதிகம். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமையட்டும். மூன்று நான்கு கூம்புகள் அடுக்கிய உயரமான ஸ்பீக்கராக இருந்தால், அவற்றின் ஒலிகள் கலந்து ஒன்றாவதற்கே இரண்டரை, மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்தால் ட்வீட்டர் ஒரு பக்கம், வூஃபர் ஒரு பக்கம் என்று பிரிந்து கேட்கும். சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கர் தோற்கும் இடம் இதுதான்.

"அடியில் வலு இல்லை, எல்லாமே படம் பார்ப்பதுபோல் தட்டை"

இந்தக் குறைக்குத்தான் பெரிய ஸ்பீக்கர் உண்மையான மருந்து.

தவில், டிரம்ஸ், முழு ஆர்க்கெஸ்ட்ரா. இவை உச்சத்தில் 100 டெசிபெலைத் தாண்டிப் போகும் ஒலிகள். நேரில் நம்மைத் திடுக்கிட வைப்பது அவற்றின் சராசரி உரப்பல்ல. அமைதியிலிருந்து அந்த உச்சத்துக்கு ஒரு கணத்தில் பாயும் பாய்ச்சல். சின்ன ஸ்பீக்கர் அமைதியைச் சரியாகத் தரும், நடுத்தர உரப்பையும் தரும். உச்சம் வரும்போது கூம்பு தன் ஓட்ட எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும். கிழிசல் கேட்காமலேயே இது நடக்கலாம். அடி விழுகிறது, ஆனால் கை ஓங்கிய அளவுக்கு விழவில்லை என்று தோன்றும்.

இதில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. கூம்பை அசைக்கும் செம்புச் சுருள், கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதியைச் சூடாகவே விரயமாக்குகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.4 சதவீதம் கூடும். சுருள் 180 டிகிரி சூடேறினால் தடை 70 சதவீதம் கூடிவிடும், உள்ளே போகும் சக்தி அதற்கேற்பக் குறையும். நீங்கள் வால்யூமைக் கூட்டுகிறீர்கள், உரப்பு ஏற மறுக்கிறது. பெரிய சுருளும் அதிக உணர்திறனும் உள்ள ஸ்பீக்கர் இதே உரப்பைக் குளிர்ந்த நிலையிலேயே தருகிறது.

சோதனை எளிது. தாள வாத்தியம் தனியாக வரும் பதிவு ஒன்றை மெதுவாக வைத்துச் செயலியில் சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். பிறகு 10 டெசிபெல் கூட்டி அதே இடத்தை மறுபடி போடுங்கள். இடைவெளி சுருங்கியிருந்தால் ஏதோ ஒன்று நசுங்குகிறது. கைபேசியின் மைக்கும் மிகுந்த உரப்பில் தானே நசுக்கும் என்பதால், அதை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோகாமல் இருக்கையிலேயே வைத்து அளவெடுங்கள்.

"படத்தில் வசனம் கேட்கவில்லை, வெடி மட்டும் வீட்டைத் தூக்குகிறது"

திரையரங்கின் அமைதிக்கும் உரப்புக்கும் கலக்கப்பட்ட ஒலி அது. வீட்டில் அந்த இடைவெளிக்கு இடமில்லை. கருவியில் 'இரவு நிலை' இருந்தால் போடுங்கள். நடு ஸ்பீக்கர் இருந்தால் அதை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டி, காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ளவர்கள், ஒலி வெளியீடு 'ஸ்டீரியோ' என்று அமைந்திருக்கிறதா பாருங்கள்; ஐந்து சேனலாக அனுப்பினால் வசனம் செல்லும் நடு சேனல் சில கருவிகளில் தொலைந்தேபோகும்.

"அரை மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது"

முதலில் வால்யூம், அடுத்து அறையின் எதிரொலி, மூன்றாவது ட்வீட்டர் நேராகக் காதைப் பார்ப்பது. மூன்றாவதற்கு ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால் போதும்.

முதலாவதை அலட்சியம் செய்யாதீர்கள். இங்கே மட்டும் செயலியை 'ஏ' அளவுக்கு மாற்றுங்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் வரம்பு: 85 டெசிபெலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி. 94க்கு ஒரு மணி நேரம், 100க்குக் கால் மணி நேரம். பாட்டு முடிந்தபின் காதில் ரீங்காரம் மிஞ்சினால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். தூய்மையான பெரிய ஸ்பீக்கரில் இந்த ஆபத்து அதிகம். சின்னது கத்தி எச்சரிக்கும். பெரியது 95 டெசிபெலிலும் சுகமாகவே பாடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

கூம்பு எல்லையை முட்டுகிறது, மூலையிலும் பேஸ் இல்லை, தாள வாத்தியத்தின் உச்சம் நசுங்குகிறது. இவற்றில் ஒன்றாவது சோதனையில் உறுதியானால் பெரிய ஸ்பீக்கருக்குப் போங்கள். வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் உணர்திறனைப் பாருங்கள். 86லிருந்து 89 டெசிபெலுக்குப் போவது ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். இரண்டு மீட்டருக்குள் உட்கார்கிறவர்களுக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஜோடியும் நல்ல சப்வூஃபரும், ஆளுயரக் கோபுரத்தைவிடப் பொருத்தம். மூன்று மீட்டருக்கு அப்பால், பெரிய அறையில், எட்டு அங்குலத்துக்குக் குறையாத வூஃபரைத் தேடுங்கள்.

கேட்டுத் தேர்ந்தெடுக்கப் போகும்போது உங்கள் சோதனைப் பதிவுகளையும் கைபேசி அளவியையும் கொண்டுபோங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே டெசிபெலுக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரு டெசிபெல் உரக்க இருப்பது எப்போதும் மேலானதாகவே தோன்றும். விற்பவர் கை வால்யூம் குமிழை விட்டு நகரவில்லையென்றால், குமிழை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.